கார்த்திகையைப் படமெடுத்த அந்தி

மொட்டைமாடி விளக்கை அணைத்ததும் கார்த்திகைக் கூட்டம் தொலைநோக்கிக்குள் தெளிந்து வந்தது. வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரியும் நட்சத்திரங்கள் உள்ளே எண்ண முடியாமல் பெருகியிருந்தன. பார்க்கும் துளையில் செல்போனைப் பொருத்தினேன். வானம் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒரு கையால் திருகைத் திருப்பியபடி குறைந்த நொடிப் படங்களாக எடுக்க வேண்டும். பிறகு அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் மங்கலானவையும் துலங்கும். நாகர்கோவில் வானியல் மாலை வகுப்பில் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். முன்பு எடுத்தவை இந்த விளக்கு வெளிச்சத்தில் வெளிறிப்போயிருந்தன. என் கைதான் சரியில்லையோ என்றுகூட நினைத்திருந்தேன்.

வேலைக்காகத் தோவாளையிலிருந்து கடலோரக் கடியப்பட்டணத்துக்கு வந்து, இந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். அந்தியானால் மாடி விளக்கைப் போட்டுவிட வேண்டும் என்று பக்கத்து வீட்டு பெமிலா அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்காரரின் நேர்ச்சையாக, ஏதோ வேண்டுதலாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நேர்ச்சை விளக்கு கொஞ்ச நேரம் அணைந்திருந்தால் என்ன?

படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கரையில் கூச்சல் கேட்டது. பெமிலா அக்காவின் கணவர் சிலுவைமுத்து அண்ணனின் வள்ளம் பாறையில் மோதியிருந்தது. கீழே ஓடினேன். அவரைத் தாங்கிக் கொண்டுவந்து மணலில் உட்கார வைத்தார்கள். இடது கை கிழிந்திருந்தது.

"பாறை இருக்குத எடம் இன்னும் தெரியாதா ஒமக்கு? தண்ணிய ஏத்திக்கிட்டு வந்தீராக்கும்," என்றபடி அக்கா துணியை இறுக்கிக் கட்டினார்.

அண்ணன் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாதா கோயில் கோபுர வெளக்கும் ஒங்க மாடி வெளக்கும் ஒரே கோட்டுல நிக்கணும் மக்கா. அப்பதான் பாறைக்கு எடையில வழி. இன்னைக்கு ஒண்ணுதான் தெரிஞ்சுது. உப்புக் காத்துல பல்பு பீஸ் போயிருக்கும்."

ஆமாம் என்பதுபோல் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை.

"ஸ்டெனிக்க வள்ளம் இன்னும் பாறைக்கு வெளிய கெடக்கு," என்று யாரோ சொன்னார்கள். அண்ணன் உடனே எழுந்தார். அக்கா தடுத்தும் கேட்காமல் வீட்டிலிருந்து புது பல்பு எடுத்துக்கொண்டு எங்கள் மாடிப்படியில் ஏறினார். முந்திக்கொண்டு ஓடி நானே விளக்கைப் போட்டிருக்கலாம். அவர் பின்னாலேயே ஏறினேன்.

ஸ்டூலில் ஏறி நின்று, நல்ல கையைப் பல்பை நோக்கி நீட்டினார். பிறகு நிறுத்தினார்.

"சுவிட்ச ஆஃப் பண்ணு மக்கா. ஷாக் அடிக்கும்."

விரல் சுவிட்சின் மேல் இருந்தது. தூரத்தில், கருத்த நீரில், ஒரு டார்ச் வெளிச்சம் போக வழி தெரியாமல் ஒரே இடத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அழுத்தினேன்.

பழைய பல்பு அவர் முகத்துக்கு நேரே எரிந்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தொலைநோக்கியைப் பார்த்தார், பிறகு என்னை. கையிலிருந்த புது பல்பை என்ன செய்வதென்று தெரியாதவர்போலச் சட்டைப்பையில் வைத்தார். கடலில் அந்த டார்ச் மெல்லத் திரும்பி, எங்களை நோக்கி வரத் தொடங்கியது.