கீறல் விழாமல் காதிஸ் வரை

ஹினேஸ் கடைசியாகச் செய்த சாதாரணக் காரியம், சாப்பாட்டு மேசையில் கடல் வரைபடத்தை விரித்து அதன் மேலேயே ரொட்டியை அறுத்ததுதான். காதிஸ் துறைமுகத்தைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு, காப்பித்தூள் இருக்கிறதா என்று கேட்டார். தீர்ந்துவிட்டது என்றாள் மனைவி அம்பாரோ. செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். மாடிப்படித் திருப்பத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. அது பிப்ரவரி.

ஜூன் மாதம் அம்பாரோ அவருடைய பாய்மரப் படகை எடுத்துக்கொண்டு மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கும் தங்கள் ஊரான சாந்தா போலாவிலிருந்து கிளம்பினாள். துணைக்கு ஹினேஸின் தங்கை லொரேத்தோ. இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. முப்பது வருஷமாக அந்தப் படகில் கயிறு இழுத்தவர்கள்தான். ஆனால் சுக்கானும் முடிவும் எப்போதும் ஹினேஸிடமே இருந்தன. மகன் இசித்ரோவுக்கு இந்தப் பயணம் அடியோடு பிடிக்கவில்லை. படகை விற்றுவிட்டு நிம்மதியாக இரு என்றான். பேசிப் பேசி ஒரு பந்தயத்தில் வந்து நின்றது. ஒரு கீறல்கூட விழாமல் காதிஸ் போய்த் திரும்பினால் படகு அம்மாவுக்கு. விழுந்தால் விற்பனைக்கு.

பதினோராம் நாள் காலை காதிஸ் தெரிந்தது. பாய்மரப் போட்டி ஒன்றுக்காக படகு கட்டும் மிதவை மேடைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. துறைமுகக் காவலர் அவர்களை மீன்பிடிப் படகுகள் நிற்கும் கல் சுவருக்குப் போகச் சொன்னார். கடல் ததும்பத் ததும்ப நின்றது; படகிலிருந்து சுவருக்கு ஒரே எட்டு. அம்பாரோ முன்னும் பின்னும் கயிற்றை இழுத்து, படகு அசையாதபடி இறுக்கிக் கட்டினாள். ஊரில் அப்படித்தான் கட்டுவார்கள். நன்றாக இருக்கிறதா என்று இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். சின்னக் கீறல்கூட இல்லை. லொரேத்தோ கைதட்டினாள்.

தரையில் கால் வைத்ததும் ஊரே ஆடியது. பத்து நாள் கடலில் இருந்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி வைத்து நடந்தார்கள். காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டீர்களா என்று கீரை விற்றவள் ஒருத்தி கேட்டாள். புதுத் துறைமுகத்தில் முதல் நடைக்கு யாரிடமும் வழி கேட்கக் கூடாது என்பது ஹினேஸ் வைத்த வழக்கம். அதையே பிடித்துக்கொண்டு நிழல் விழுந்த பக்கமாகப் போனார்கள். தெருக்கள் குறுகல், மேலே பால்கனிகளில் துணி காய்ந்தது. எந்தத் தெருவில் நுழைந்தாலும் கடைசியில் கடலே வந்து நின்றது. சந்தையில் காகிதக் கூம்பு நிறையப் பொரித்த மீன் வாங்கினார்கள். சின்ன இறால் போட்ட அடையை நின்றபடியே தின்றார்கள். எண்ணெய் விரலை நக்கிக்கொண்டிருந்தபோது, தான் சிரித்துக்கொண்டிருப்பது அம்பாரோவுக்குத் தெரிந்தது. நாலு மாதத்தில் அது முதல் தடவை. அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

ஐந்து மணி சுமாருக்கு மேற்கே இருக்கும் சின்னக் கடற்கரைக்கு வந்தார்கள். காலையில் படகிலிருந்து பார்த்தபோது தண்ணீர் இருந்த இடமெல்லாம் பாறையும் பாசியுமாகக் கிடந்தது. மீன்பிடித் தோணிகள் சேற்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. பிள்ளைகள் அவற்றின் நடுவே நண்டு தேடினார்கள்.

“இங்க பாருங்க அண்ணி, தோணியெல்லாம் எருமை மாதிரி படுத்திருக்கு” என்று லொரேத்தோ படம் எடுத்தாள்.

அம்பாரோவும் பார்த்தாள். அவர்கள் ஊர்க் கடல் ஏறுவதும் இல்லை, வற்றுவதும் இல்லை. வருஷம் முழுக்க ஒரே மட்டம். இந்தப் பக்கத்துக் கடல் வற்றும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வழியில் தங்கிய இடங்களிலெல்லாம் மேடை படகோடு சேர்ந்து ஏறி இறங்கியதால் அது மனதில் தைக்கவே இல்லை. கல் சுவர் இறங்காது. கயிறும் நீளாது.

“லொரேத்தோ, நம்ம படகு தொங்குதுடி.”

ஓடினார்கள். போகிற வழியெல்லாம் எதிரே வந்தவர்களிடம் துறைமுகத்துக்கு வழி கேட்டார்கள். வழக்கத்தை மீறிவிட்டோம் என்று லொரேத்தோ மூச்சு வாங்கச் சொன்னாள். உன் அண்ணன் வந்து கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றாள் அம்பாரோ.

சுவரருகே வந்தபோது படகைக் காணவில்லை. பாய்மரம் மட்டும் நின்றது. விளிம்பில் எட்டிப் பார்த்தார்கள். ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே படகு நேராக மிதந்துகொண்டிருந்தது, வேறு யாரோ ஒருவருடைய நீளமான நீலக் கயிற்றில். பக்கத்து மீன்பிடிப் படகில் ஒரு பெண் வலை தைத்துக்கொண்டிருந்தாள். பெயர் பாஸ்தோரா என்று பிறகு தெரிந்தது.

“ஏறி எறங்காத அந்தக் குளத்துக் கடல்லேருந்து வந்தவங்களா?” என்றாள் ஊசியை நிறுத்தாமல். “உங்க படகு கறிக்கடையில தொங்குற பன்னித்தொடை மாதிரி தொங்குச்சு. முன்கயித்த அவுத்துட்டேன். பின்கயிறு இறுகிப்போச்சு, அறுத்துட்டு என் கயித்துல கட்டிட்டேன். கோவிச்சுக்காதீங்க.”

“கோவமா? உங்க கையில முத்தம் குடுக்கணும்” என்றாள் அம்பாரோ.

“கையெல்லாம் மீன் நாத்தம். வேணாம்.”

அம்பாரோ இரும்பு ஏணியில் இறங்கிப் பார்த்தாள். இடதுபுறம் சுவரில் உரசி, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளத்துக்கு வெள்ளைப் பூச்சு போயிருந்தது. பின்னாலேயே இறங்கிய லொரேத்தோ குரலைத் தாழ்த்தினாள். ஊர் திரும்பும் முன் ஒரு டப்பா வண்ணம் வாங்கி அடித்துவிட்டால் இசித்ரோவுக்குத் தெரியவா போகிறது என்றாள். அம்பாரோ கீறலை ஒரு முறை தடவினாள். பிறகு மகனை போனில் கூப்பிட்டாள்.

கயிறு இறுக்கிக் கட்டியது, கடல் வற்றியது, மீன்காரி அறுத்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

“அப்போ கீறல் விழுந்துருச்சு” என்றான் இசித்ரோ.

“விழுந்துருச்சு. பந்தயத்துல நான் தோத்துட்டேன்டா. ஆனா படகு விக்கிறதுக்குக் கெடைக்காது.”

“இது என்னம்மா நியாயம்?”

“நியாயமில்லதான். திரும்பி வர்றப்போ கயித்தத் தளர்த்திக் கட்டுவேன், அது போதும்.”

அவன் சிரிப்பை அடக்கியது கேட்டது. அப்பாவும் தோற்றால் இப்படித்தான் பேசுவார் என்றான். திரும்பும் வழியில் காற்று எதிராக இருக்கும், பார்த்து வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தான்.

படகில் காப்பி குடிக்கக் கூப்பிட்டதும் பாஸ்தோரா சம்மதித்தாள். கை கழுவிவிட்டு வருவதாகச் சொன்னாள். அடுத்து எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும் என்று கேட்டு லொரேத்தோ உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். அம்பாரோ கீழறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். கரண்டி வைத்திருக்கும் இழுப்பறை வரவில்லை. கொஞ்சம் மேலே தூக்கி இழுத்தாள், வந்தது. படகு வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான்.