வாயை மூடிச் சுடுதல்

1

இந்தக் கதை என் வாயிலிருந்து வந்தது, சொல்லாக அல்ல. ஓர்ஸ் ஹில்லில் உள்ள என் வீட்டுக் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில், துறைமுகப் பக்கமிருந்து பயிற்சி வெடிச்சத்தம் கேட்டது. சண்டை முடிந்து எத்தனையோ வருடம். பயமில்லை என்றுதான் நினைத்தேன். அலுமாரிக் கண்ணாடியில் பார்த்தால் என் வாய் திறந்திருக்கிறது.*

* சண்டைக் காலத்தில் செல் குண்டு விழும் நாட்களில் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள்: வாயைத் திறந்து வை, காது வெடிக்காது.

அந்த வாயை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு எழுதத் தொடங்கினேன்.

2

பிரசாந்தினி கைத்துப்பாக்கியை உயர்த்தியபோது கடல்

(வேண்டாம். கடலை அவள் பார்க்கவே இல்லை.)

பிரசாந்தினி, பொலிஸ் கான்ஸ்டபிள், அன்புவழிபுரம். சின்ன வயதில் சம்பூரிலிருந்து செல்லடிக்குள் ஓடி வந்தவள். இப்போது நிலையத்தில் பெண்கள் முறைப்பாட்டு மேசையில் இருக்கிறாள். அடிவாங்கி வரும் பெண்கள் தமிழில் அழுவதைத் தமிழில் கேட்க அங்கே அவள் ஒருத்திதான். சுடும் சோதனையில் இரண்டு தரம் தவறிவிட்டாள். இன்றும் தவறினால் வேலை போய்விடும்.

கையில் குறையில்லை. விசையை அழுத்துவதற்குச் சற்று முன்பு வாய் தானாகத் திறக்கிறது. தாடையோடு தலையும் ஆட, குண்டு மண்ணுக்குப் போகிறது. அடுத்ததாவது படவேண்டுமென்று கையை இறக்காமலே நிற்கிறாள். தோள் கல்லாகிறது. பிறகு கை நடுங்காமல் என்ன செய்யும்?

3

சோதனைக்கு முன் மரநிழலில், குண்டில்லாத துப்பாக்கியோடு அவளைப் பழக்கியவள் நஸ்ரின். கிண்ணியா நிலையத்துக் கான்ஸ்டபிள். முதல் தரத்திலேயே தேறியவள்.

"என்னடி வாயப் பொளந்துக்கிட்டு? ஈ பூந்திரும்."

"நானே திறக்கிறன்? அது தானாத் திறக்குது."

"கை நடுங்கினா இறக்கு. மூச்ச விடு. பொறகு தூக்கு. இறக்கினா ஒருத்தரும் ஒன்னத் தின்னமாட்டாங்க."

"இறக்கினா திரும்பத் தூக்க ஏலாமப் போயிடும் எண்டு பயமாக் கிடக்கு."

"பயமா? இஞ்ச பாரு. அண்டைக்கு செல் எங்கால வருது, எப்ப வருதெண்டு தெரியாது. இண்டைக்கு வெடி ஒன்ட விரல்ல இரிக்கி. நீ நெனச்சாத்தான் வெடிக்கும். பொறகென்னத்துக்கு வாயத் தொறக்கிறாய்?"

பிரசாந்தினி சிரித்துவிட்டாள். தோள் இறங்கியது. தாடை இளகியது.

(இந்த இடத்தில் பல நாள் நின்றுவிட்டேன். பதற்றத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. அதுதான் உறுத்துகிறது. சுடுகிறவருக்கு வாயைத் திறக்கத் தேவையில்லை. அன்றைக்கு எங்களை நோக்கிச் சுட்டவர்களின் வாயும் மூடித்தான் இருந்திருக்கும்.)

4

ஒரு முடிவு: தேறுகிறாள். மறுநாள் ஒரு பெண் வந்து கதிரையில் உட்கார்ந்து அழுகிறாள். பிரசாந்தினியின் முகத்தைப் பார்க்காமல், இடுப்பிலிருக்கும் துப்பாக்கியைப் பார்த்தே கதைக்கிறாள்.

இன்னொன்று: தவறுகிறாள். அதே பெண் வருகிறாள். அவளுடைய தமிழைக் கேட்க மேசையில் ஒருவரும் இல்லை. அடித்தவனிடமே திரும்பிப் போகிறாள்.

மூன்றாவதை எழுதி அழித்தேன். அதில் பிரசாந்தினி துப்பாக்கியை வைத்துவிட்டு நடந்துபோனாள். அது என் ஆசை. அவளுக்கு வேலை வேண்டும்.

5

கடைசிக் குண்டு. இது பட்டால் தேறுவாள். எதிரே மனித உருவம் வரைந்த அட்டை. தூக்கினாள், நடுங்கியது, இறக்கினாள். ஒருவரும் தின்னவில்லை. மூச்சை விட்டாள். திரும்பத் தூக்கினாள். உதடுகள் ஒட்டியும் ஒட்டாமலும்

இதற்கு மேல் எனக்கு வரவில்லை. அந்த வாயைத் திறப்பதா மூடுவதா என்பதை நீங்கள் முடிவுசெய்யுங்கள். ஆனால் யோசித்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். சோதனை நேரம் முடியப்போகிறது, இனி அவள் கையை இறக்க முடியாது. நீங்கள் இதை வாசிக்கும்போதும் அந்தக் கை தூக்கியபடியே நிற்கிறது.