ஓரத்தில் விழுந்த பொறி

மூன்றாம் முறையும் பொறி ஓரத்தில்தான் விழுந்தது.

ஷார்ஜா தொழிற்பேட்டையில் அந்த உயர் மின்னழுத்தச் சோதனைக்கூடத்தில் எதிரெதிரே இரண்டு பித்தளைத் தட்டுகள். நடுவே மின்புலம் ஒரே சீராக இருக்க வேண்டுமென்றால் தட்டின் ஓரங்கள் மெல்ல வளைந்து பின்வாங்க வேண்டும். வளைவு பிசகினால் மின்சாரம் ஓரத்தில் கூடிப் பாய்ந்துவிடும்.

வளைவைக் கணக்கிட்டு வரைந்தவன் எஞ்சினியர் சேதுமாதவன். லேத்தில் கடைந்தவர் முதுகுளத்தூர் கார்மேகம். பதினெட்டு வருஷக் கை. “சார், ஓரம் வெடுக்குன்னு திரும்புதே, சரிதானா?” என்று முதல் நாளே கேட்டார். “வரைஞ்சபடி கடைங்க, போதும்” என்றான் அந்த மகராசன்.

மேனேஜர் கத்தியபோது, “கடைசல் சரியில்லை” என்று கைகாட்டிவிட்டான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கார்மேகத்தின் விசா அன்றைக்கே கேன்சல். கலாஸ், கதை முடிந்தது!

புதன்கிழமை, புது ஆளுக்குக் கொடுக்க வரைபடத்தைச் சரிபார்த்த சேதுமாதவனுக்குத் தன் தப்பு தெரிந்தது. தட்டுகளுக்கு நடுவே ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி. அவன் மூன்றுக்குக் கணக்குப் போட்டிருந்தான். பழைய வேலையின் தாளை எடுத்தவன் எண்ணை மாற்றவில்லை. இடைவெளி கூடினால் வளைவும் பெரிதாக வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாதா? கார்மேகம் அந்தத் தப்பை மயிரிழை பிசகாமல் கடைந்து கொடுத்திருந்தார்.

அவருக்கு மறுநாள் விமானம். மேனேஜர் அறை பத்தடி தூரம். எழுந்தான்கூட. மகள் அனன்யாவின் பள்ளிக்கூடம், மனைவி ஜெயபாரதியின் விசா எல்லாம் தன் வேலையை நம்பித்தான் என்று நினைத்ததும் உட்கார்ந்துவிட்டான். ஐயோ, பத்தடி நடக்காத கால்களும் கால்களா!

மறுநாள் கார்மேகமே அவனைத் தேடி வந்தார்.

“மன்னிச்சிருங்க சார். என்னால உங்களுக்கும் கெட்ட பேரு. எங்க பிசகுச்சுன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், பிடிபடல. கை போயிருச்சு போல. ஊர்ல மச்சான் ஒர்க்‌ஷாப்புக்குக் கூப்பிட்டாரு. வேணாம்னுட்டேன். இனிமே லேத்தைத் தொடுறதா இல்ல சார்.”

சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று சேதுமாதவனின் மனசு கிடந்து தவித்தது. வாசலில், அவரை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வந்த டிரைவர் முகம்மது சித்தீக் “யல்லா, யல்லா” என்று அவசரப்படுத்தி ஹாரன் அடித்தார்.

“உங்க கையில ஒரு குறையும் இல்ல கார்மேகம்” என்றான்.

“ஆறுதலுக்குச் சொல்றீங்க. உங்களுக்குப் பெரிய மனசு சார்” என்று கும்பிட்டுவிட்டு கார்மேகம் வண்டியில் ஏறினார்.