கடைசி இழுப்பு

நான் ஸ்பானரை இழுப்பதற்கு முன்னால் சாந்திநாத நயினார் "போதும்" என்று சொன்னாரா, இல்லை பின்னாளில் நானே அந்தச் சொல்லை அவர் வாயில் வைத்துவிட்டேனா, தெரியவில்லை. ஆண்டும் உறுதியில்லை. நாற்பத்து மூன்றாக இருக்கலாம். ஐப்பசி மழையில் தண்டவாளத்தின் அடிமண் கரைந்துபோய், திண்டிவனத்துக்கு ரயில் இல்லை. பஸ்ஸும் இல்லை.

நான் அப்போது விழுப்புரத்தில் ரயில் இஞ்சின் ஷெட்டில் ஃபிட்டர். நயினார் ஒரு மல்லாட்டை எண்ணெய் ஆலைக்காக ஊர் ஊராகப் போய் நிலக்கடலைக் கொள்முதல் பேசுகிறவர். பிள்ளைப் பருவத்திலேயே கால்கள் வளைந்துவிட்டன. அரை மைல் நடந்தால் உட்கார்ந்துவிடுவார் என்பதால் ஆலையில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அன்று காலை பத்து மணிக்கு இரண்டு கூலிகள் அதைத் தள்ளிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். பின்னால் நயினார், கையில் ஒரு தந்தியுடன்.

திண்டிவனத்தில் அவருடைய தாயார் பத்மாம்பாள் சல்லேகனை இருந்தார். சோற்றை விட்டு, பிறகு தண்ணீரையும் விட்டு உயிரை விடும் சமண விரதம் அது. போகிறவர் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். பால்காரர் வரைக்கும் கேட்டு முடித்துவிட்டார். மூத்த மகனான நயினார் ஒருவர்தான் மீதி. சின்ன வயதில் அவர் கால்களுக்காக டாக்டர் கொடுத்த மீன் எண்ணெயை, உயிரைக் கொன்று எடுத்தது என்று அந்த அம்மாள் சாக்கடையில் கொட்டிவிட்டாராம். வளர்ந்த பிறகு ஒருநாள் மகன் அதைச் சொல்லிக் கத்திவிட்டு வீட்டை விட்டு வந்தவர், பன்னிரண்டு வருஷம் அந்தப் பக்கம் போகவில்லை.

"அவுங்க எங்கிட்ட கேக்கவே வேணாம் மேஸ்திரி," என்றார். "கேக்கறதுக்கு ஒண்ணுமில்லன்னு நான் சொல்லணும். அதுக்குள்ள போய்டணும்."

வண்டியைப் பார்த்தேன். சிலிண்டரை அடிப்பெட்டியோடு இறுக்கும் நான்கு போல்ட்டுகளில் ஒன்று கையோடு வந்தது. பெட்டித் துளையின் அலுமினிய மரை பிய்ந்து, தேங்காய்த் துருவல்போல் அதில் சுற்றியிருந்தது. துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, அடிப்பாகம் பருத்தும் மேல்பாகம் பழைய அளவிலும் ஒரு போல்ட் கடைந்து போட்டால் நிற்கும் என்று சொன்னேன். சாயங்காலத்துக்குள் திண்டிவனம் சேர்ந்துவிடலாம் என்றும் சொன்னேன்.

ஷெட்டுக்குப் போய் லேத்தில் கடைந்து வந்து பொருத்தியபோது மணி இரண்டு. புது போல்ட் நன்றாகவே பிடித்தது. மற்ற மூன்றையும் ஒரே சீராக இறுக்க நீண்ட ஸ்பானரை எடுத்தேன்.

எங்கள் ஷெட்டின் இஞ்சின் ஃபயர்மேன் முருகையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னாண்ணே, மெயில் இஞ்சினுக்கா போல்ட்டு போடற? இது வெத்தலப் பொட்டி. மெல்லத் தொடு."

ஷெட்டில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. போல்ட் இறுகி நின்ற பிறகு, தோளைக் கொடுத்து இன்னொரு தரம் இழுப்போம். அந்த இழுப்பு இல்லாவிட்டால் வேலை முடிந்ததாகத் தோன்றாது. என் தோள் தானாகவே போனது. இறுகியிருந்த பழைய போல்ட் திடீரென்று, சோற்றுக்குள் விரல் போவதுபோல், லேசாகச் சுற்றியது.

அங்கேயும் பெட்டியின் மரை பிய்ந்துவிட்டது. முன்போலவே துளையைப் பெரிதாக்கிப் பார்ப்பதென்று டிரில்லை எடுத்தேன்.

அந்தத் துளை பெட்டியின் ஓரத்தில் இருந்தது, சுவர் மெல்லியது. தெரிந்துகொண்டேதான் துளைத்தேன். மரை வெட்டும்போது பாதியில் ஒரு சின்னச் சத்தம். விரிசல் மேலிருந்து கீழ்வரை ஓடியிருந்தது. மணி நாலு.

"இன்னும் ஏதாச்சும் பண்ண முடியுமா?" என்று நயினார் கேட்டார்.

"முடியாதுங்க நயினாரே."

பிறகுதான் எனக்கு என் சைக்கிள் ஞாபகம் வந்தது. அவரைக் கேரியரில் உட்கார வைத்து மிதித்தேன். இருபத்து மூன்று மைல். விக்கிரவாண்டி தாண்டி இரண்டு இடத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. காலையிலேயே கிளம்பியிருந்தால் மூன்று மணிக்குள் சேர்ந்திருப்போம் என்பது வழியெல்லாம் எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

விளக்கு வைத்து வெகு நேரம் கழித்துத்தான் சேர்ந்தோம். அவருடைய தம்பி குணபத்திரன் வாசலுக்கு வந்தார்.

"அஞ்சு மணி வரைக்கும் வந்துட்டானா, வந்துட்டானான்னு கேட்டுக்கினே இருந்தாங்க," என்றார். "அப்புறம் உம் பேரச் சொல்லி வெறும் வாசலப் பாத்துக் கும்பிட்டாங்க. அவ்ளோதான்."

நயினார் ஆலை வேலையை விட்டுவிட்டுத் திண்டிவனத்திலேயே தம்பி வீட்டில் தங்கினார், நாற்பத்தொன்பதில் காலமானார். ஒருமுறைகூட என்னைக் குறை சொன்னதில்லை. குணபத்திரன் மல்லாட்டை வியாபாரம் செய்தார். மோட்டார் சைக்கிளை ஆலைக்காரர்கள் பழைய இரும்புக்குப் போட்டார்கள். முருகையன் திருச்சிக்கு மாற்றலாகிப் போனான். நான் சர்வீஸ் முடியும்வரை அதே ஷெட்டில் ஃபிட்டராக இருந்தேன்.