ஐந்து மணி மயில்

...இன்னும் பதினெட்டு நிமிடம், ஒரு மயிலுக்காக, அதுவும் கட்டைவிரல் நகமளவு மயிலுக்காக, ஐம்பது வயதில் கைகட்டி உட்கார வேண்டியிருக்கிறதே என்று சாலமோனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டுச்சேலை நெய்யும் ஜக்கார்டு தறிக்கு டிசைன் போடுகிறவரை அவசரமாகக் கூப்பிட்டுவிட்டு, கடை முதலாளி தசரதன் டிசைனைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாரா, மணிக்கட்டையல்லவா நீட்டினார். சுவிட்சர்லாந்து கடிகாரமாம், சாவி கொடுத்து ஓடுவதாம், எனாமல் முகப்பில் கையால் செதுக்கிய தங்க மயில், மணிக்கு ஒரு தரம் தோகை விரிக்குமாம். "அத நீ கண்ணால பாத்தாதான்பா புரியும், இரு." இரு! ஐந்தரைக்கு மகள் ஜாய்ஸைப் பெண் பார்க்க வருகிறார்கள், போன தடவை வந்தவர்கள் அப்பா எங்கே, அப்பா எங்கே என்று கேட்டே டீ ஆறுமுன் எழுந்து போனார்கள், மனைவி சாரா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை... "நேரமாவுதுங்க மொதலாளி." "பாத்துகினுதான கீறேன்" என்று கடிகாரத்தைப் பார்த்தவர், மயில் முள்ளை மறைத்துக்கொண்டு நின்றதால், செல்போனை எடுத்து மணி பார்த்தார். ஒருவழியாக ஐந்தானது. தோகை நடுங்கியது, விரிந்தது, மடங்கியது. விக்கல் மாதிரி, அவ்வளவுதான். "இதே மாரி சேலைல வரணும். விரியணும், மடங்கணும்." "மயில நெய்யலாங்க, சாவி எங்க குடுக்கறது?" "அதுக்குத்தானய்யா உன்ன கூப்ட்டேன்!"

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் ஆத்திரம் ஆறவில்லை. சேலையில் மயில் மடங்க வேண்டுமாம், நாளைக்குக் குயில் கூவ வேண்டும் என்பார், பேஜார் பிடித்த மனுஷன், சேலை என்ன பொம்மையா, கட்டினவள் நடந்தால் கொசுவம்தான் விரியும், மடங்கும், விரியும்... கொசுவம்? கைக்குட்டை எப்போது பையிலிருந்து வெளியே வந்து கொசுவமாக மடிந்தது? மேல் மடிப்பில் மயிலின் உடல், உள் மடிப்புகளில் தோகை, நின்றால் தோகை தெரியாது, ஓர் எட்டு வைத்தால்... ஆனால் ஒவ்வொருத்தியும் ஒவ்வோர் அளவில் மடிப்பாளே, சாரா அகலமாக மடிப்பாள், ஜாய்ஸ் இன்றைக்கு எப்படி மடித்துக் கட்டியிருக்கிறாளோ... "பெரியவரே, சேவூருக்குத்தான டிக்கெட் வாங்கினீங்க? அது போயி மூணு ஸ்டாப் ஆவுது!" என்றார் கண்டக்டர். சாலமோன் அடித்துப் பிடித்து இறங்கினார். செல்போனில் சாராவின் அழைப்புகள் எட்டு. ஐந்தே முக்கால். வாய் நிறையத் திட்டலாம் என்று தசரதனை நினைத்துப் பார்த்தார், ஏனோ அவர் முகம் அகப்படவில்லை. கைக்குட்டை மட்டும், மடிப்புக் கலையாமல், இன்னும் விரலிடுக்கில் இருந்தது.