கிழக்கு எல்லை: ஓடை

நில அளவை அலுவலகத்தில் நான் மொழிபெயர்ப்பாளன். மலையடிவாரத்துக்காரர்களின் பழைய மொழி தெரிந்த ஒரே ஆள். அறிவுத் தாகத்தில் கற்றதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த மொழிக்காரப் பெண்ணைக் காதலித்தேன். அவள் அம்மாவோ தன் மொழியைத் தவிர வேறெதிலும் என்னோடு பேச மறுத்துவிட்டார். சம்மதம் வாங்குவதற்காக இரண்டு வருடம் அந்த மொழியோடு மல்லுக்கட்டினேன். பெண்ணும் கிடைத்தாள், வேலையும் கிடைத்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அடிவாரத்து நிலங்களைப் பதிவு செய்தார்கள். ஒவ்வொருவரும் வந்து தங்கள் எல்லையைச் சொல்ல, நான் மொழிபெயர்க்க, எழுத்தர் எழுதிக்கொள்வார். மாமியாரின் முறை மதியச் சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் வந்து தொலைத்தது.

கிழக்கு எல்லை எது என்று கேட்டேன். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. அவர் வீட்டுக்குக் கிழக்கே ஓடும் ஓடையின் பெயர் 'இளையவள்'. மேற்கே கறுப்புக் கூழாங்கற்களோடு காய்ந்து கிடக்கும் பள்ளம் 'மூத்தவள்'. நாற்பது ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை, பெருமழையில், தண்ணீர் இளையவளை விட்டு மூத்தவளிடம் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற, எந்தப் பக்கம் வெள்ளம் போனாலும் நனையாத மேட்டுக்கு அவர்களிடம் ஒரே ஒரு சொல் உண்டு. வீடு அந்த மேட்டில் இருந்தது. ஓடை இடம் மாறும் என்பதால் அது எல்லையாகாது. இளையவளுக்கும் அப்பால் நிற்கும் பாறை வரிசைதான் எல்லை.

எழுத்தர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "என்ன சார், இவ்வளவு நேரமா என்னதான் சொல்றாங்க? பசி உயிர் போகுது."

"ஓடைன்னு எழுதிக்கோங்க," என்றேன். "இவங்க மொழியே அப்படித்தான். ஒரு ஓடையச் சொல்ல உலகத்தையே சுத்தி வருவாங்க."

இருவரும் சிரித்தோம். மாமியார் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். புரியாதவர் முன்னால் சிரிப்பதில் ஒரு தனி வசதி இருக்கிறது.

போன வருடப் பெருமழையில் தண்ணீர் மூத்தவளிடம் போய்விட்டது. வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. ஆனால் ஓடை இப்போது வீட்டுக்கு மேற்கே ஓடியது. காகிதத்தின்படி வீடு எல்லைக்கு வெளியே, அரசு நிலத்தில் நின்றது. அங்கே தானியக் கிடங்கு கட்டப்போவதாக நோட்டீஸ் வந்தது. விசாரணைக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளன்.

உண்மையைச் சொன்னால் வீடு தப்பும், என் வேலை போகும். அதோடு நிற்குமா? நானூறு பதிவுகளில் என் கையெழுத்து இருக்கிறது. அவற்றில் எத்தனை சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் வந்தவை என்று எனக்கே தெரியாது.

அன்று காலை மனைவி என் சட்டையைத் தேய்த்தபடியே சொன்னாள். "அம்மா வீடு போச்சுன்னா நான் உங்ககூடப் பேசமாட்டேன். உங்க வேலை போச்சுன்னா நாம எல்லாரும் அம்மா வீட்டுலதான் போய் இருக்கணும். யோசிச்சுக்கோங்க."

விசாரணை அதிகாரி மரியாதையான பெண்மணி. "எல்லை ஓடைன்னு பதிவாகியிருக்கு. இவங்க அப்படித்தான் சொன்னாங்களா, இல்ல மொழிபெயர்ப்புல எதுவும் விட்டுப்போச்சா? கேட்டுச் சொல்லுங்க," என்றார்.

கேட்டேன். மாமியார் என்னைப் பார்த்தார். பிறகு அதிகாரி பக்கம் திரும்பினார்.

"நான்தாம்மா ஓடைன்னு சொன்னேன். மாப்பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல."

எங்கள் மொழியில் சொன்னார், தட்டுத் தடங்கல் இல்லாமல். பன்னிரண்டு வருடத்துக்கு முன் எழுத்தரிடம் நான் அடித்த ஜோக்கும் அவருக்குப் புரிந்துதான் இருந்திருக்கிறது.

"அப்ப சரி, நீங்க சாட்சிக் கையெழுத்துப் போடுங்க," என்று அதிகாரி பேனாவை நீட்டினார். பேசுவதற்காகவே சம்பளம் வாங்குகிறவன் நான். பேனாவை வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் கையெழுத்து கோணாமல் விழுந்தது.

மேட்டை வெட்டிச் சமப்படுத்திக் கிடங்கு கட்டினார்கள். முதல் மழையிலேயே மூட்டைகள் ஊறிப்போயின. துறை விழித்துக்கொண்டது. பழைய மொழிகளில் நிலத்தைப் பற்றிய ஞானம் புதைந்திருக்கிறதாம், அதைத் தொகுக்க வேண்டுமாம். தொகுப்பாசிரியராக என்னைப் போட்டிருக்கிறார்கள்.

மாமியார் இப்போது எங்கள் வீட்டில், முன்னறையில் இருக்கிறார். மகளோடு தன் மொழியில் வாய் ஓயாமல் பேசுகிறார். என்னோடு எங்கள் மொழிதான், அதுவும் அளவாக.

நேற்று நோட்டுப் புத்தகத்தோடு அவர் எதிரில் உட்கார்ந்தேன். "அத்தை, அந்த நனையாத மேட்டுக்கு ஒரு சொல் சொன்னீங்களே, மறந்துட்டேன். அது என்ன?" என்று அவர் மொழியிலேயே பணிவாகக் கேட்டேன்.

"ஓடைன்னு எழுதிக்கோங்க, மாப்பிள்ளை," என்றார்.