வலது பக்கத்துப் படம்

இப்போதெல்லாம் ஆபீசில் உட்கார்ந்திருப்பவனுக்கு எதிரே நிற்கிற ஆளின் முகம் தெரிவதில்லை. முன்பும் திமிர் பிடித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் நிமிர்ந்து பார்த்துத் திட்டுவார்கள். இவர்கள் குனிந்தபடியே "கல் ஆவோ", நாளைக்கு வா, என்கிறார்கள். மறுநாள் போனாலும் அதையேதான் சொல்வார்கள்.

அந்தமானில் சாத்தத்துக்கும் பாம்புஃபிளாட்டுக்கும் ஓடுகிற அரசாங்க போட்டில் கயிறு போடுகிறவன் நான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஐம்பத்திரண்டாம் வருசம் இங்கே வந்தேன். இருபத்தைந்து வருசத்தில் சர்க்காரிடம் ஒரு மாத்திரைக்குக்கூடக் காசு கேட்டதில்லை.

என் பெண்சாதி அன்னம்மாளுக்கு இடது மார்பில் கட்டி. இங்குள்ள டாக்டர் மெட்ராசுக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே புது மெசினில் நசுக்கிப் பிடித்து எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். இடதில் மட்டுமல்ல, வலதிலும். "நோவு ஒரு பக்கம், படம் எதுக்கு ரெண்டு பக்கம்?" என்று கேட்டேன். "ஒப்பிட்டுப் பார்க்க" என்றாள் அங்கிருந்த பெண். காசு பிடுங்க அதுவும் ஒரு வழி என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டியை வெட்டி எடுக்க வேண்டும், கட்டில் காலியில்லை, அடுத்த மாதம் வாருங்கள் என்று அனுப்பினார்கள். இந்த வெள்ளிக்கிழமை மெட்ராஸ் கப்பல். முதல் தடவை படம் எடுத்த பில் பாஸானால்தான் ஆபீஸ் டிக்கெட் தரும். பில் திரும்பி வந்துவிட்டது.

அன்னம்மாளையும் கூட்டிக்கொண்டு கிளார்க் திருநாவுக்கரசிடம் போனேன். அவன் பேனாவால் பில்லைத் தட்டினான்.

"நோய்க்காக எடுத்த படம்னா ஏழாம் நம்பர் கணக்கு. நோய் இல்லாம சும்மா சோதிச்சுப் பார்த்ததுன்னா பதினொன்னு. ஏழுக்குத்தான் பணமும் டிக்கெட்டும். உங்க பில்லுல ரெண்டு மார்பும் ஒண்ணாப் போட்டிருக்கான். வலதுல என்ன நோய்?"

"ஒரு நோயும் இல்ல."

"அப்ப பதினொன்னு."

"இடதுல கட்டி இருக்கே, பாபு!"

"அதுக்குன்னு தனி பில் இல்லையே, பெரியவரே."

வெள்ளிக்கிழமைக் கப்பலை விட்டால் கட்டில் போய்விடும் என்றேன். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"வலதுலயும் கட்டின்னு ஒரு வரி சேர்த்துடறேன். முழுசுக்கும் ஏழு போட்டுடலாம். யாருக்கு நஷ்டம்?"

"எழுதும்" என்றேன்.

"எழுதாதீரு!" பெஞ்சிலிருந்து அன்னம்மாள் எழுந்துவிட்டாள். அப்போதுதான் அவன் முதன்முறையாகத் தலையைத் தூக்கினான்.

"ஏளா, நீ சும்மா இரி" என்றேன்.

"நீரு சும்மா இரும். இல்லாத கட்டிய என் ஒடம்புல எழுதி வைக்கவா? இந்தக் காயிதம் எங்கூட மெட்ராஸ் வரும்லா? கத்தி வச்சிருக்கவன் இதப் பாத்து ரெண்டையும் அறுத்துட்டான்னா, இந்த பாபு வந்து தச்சுக் குடுப்பாரா?"

"அம்மா, டாக்டர் படத்தைத்தான் பார்ப்பாரு. இதையா பார்க்கப் போறாரு?"

"நான் முழு ஆளா முன்னால இருக்கேன். நீரு காயிதத்தத்தான் பாக்கீரு. அவன் மட்டும் வேற மாரி பாப்பானோ?"

பக்கத்து மேசைக்காரன் சிரித்தான். திருநாவுக்கரசு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினான்.

"அப்ப வலது பக்கத்துப் படத்துக்குப் பணம் வேணாம்னு எழுதிக் கொடும். அதைக் கழிச்சுட்டு இடதுக்கு ஏழு போடறேன்."

"கழிச்சது ஆரு வீட்டுக்குப் போவும்?"

"யாரு வீட்டுக்கும் போகாது. உம்ம வீட்டுக்கு வராது, அவ்வளவுதான்."

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, திருட்டுப்பயல். அவன் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டிக்கெட்டுக்கான சீட்டு வந்தது. அன்னம்மாள் அதை வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்து, இடது என்று இருக்கிறதா என்று இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

சாத்தம் பாலத்தில் நடக்கும்போது சொன்னாள்: "வலது நல்லாருக்குன்னு தெரிஞ்சுது பாரும். அதுக்கு நம்ம துட்டு போனாப் போவட்டும்."

"ஏளா, நல்லாருக்கதுக்கு எவனாவது துட்டு குடுப்பானா?"

"போட்டுல ஒரு பக்கம் ஓட்டைன்னா மறுபக்கம் தட்டிப் பாக்க மாட்டீரா?"

"தட்டிப் பாக்க நான் பில்லு போடுதேனா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். போட் ஊதிவிட்டது. அவளை மூச்சு வாங்க விட்டுவிட்டு நான் முன்னால் நடந்தேன். மெட்ராஸ்காரர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கவாம். எதையடா ஒப்பிட்டீர்கள்?